முன்பதிவு எதற்கு?

ரயிலில் இடம் தீர்ந்துவிடும் என்று முன்பதிவு செய்கிறோம். இணையத்தில் இறக்கிக்கொள்ளும் வீடியோ கேம் தீர்ந்தா போய்விடும்? ஆனாலும் மாதக்கணக்கில் முன்னதாகவே பணம் கட்டுகிறோம்.

போலந்து நிறுவனமான சிடி ப்ராஜெக்ட் உருவாக்கிய ‘சைபர்பங்க் 2077’, 80 லட்சம் முன்பதிவுகளோடு 2020 டிசம்பரில் வந்தது. மூன்று முறை தள்ளிப்போன வெளியீடு. கடைசி வாரங்களில் ஊழியர்களுக்கு வாரம் ஆறு நாள் வேலை. அவ்வளவு பிழிந்தும் பிழைகள் மலிந்திருந்தன. சுமார் ஒரே வாரத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டது. கேட்டவர்களுக்குப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தது.

தேதி குறித்துப் பணமும் வாங்கியாகிவிட்டால், அந்த அவசரம் நிரல் எழுதுபவர், பிழை தேடுபவர் தலையில்தான் விடிகிறது. (விளம்பரம் மட்டும் ஒருநாளும் தாமதமாவதில்லை!)

கேம் வெளிவரட்டும், நாலு பேர் ஆடிப் பார்த்துச் சொல்லட்டும், அப்புறம் வாங்குங்கள்.