நுழைந்த வாயிலா, கற்ற அறிவா?

1907-ஆம் ஆண்டு. கல்கத்தா நகரில், இந்திய சர்க்காரின் நிதித்துறை அலுவலகத்தில், பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் அதிகாரியாக வந்து அமர்ந்தார். திருச்சியில் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் பயின்றவர். அலுவலக நேரமெல்லாம் வரவு செலவுக் கணக்கு. காலையிலும் மாலையிலும் கிடைத்த ஓய்வு நேரத்தில், பௌபஜார் தெருவிலிருந்த அறிவியல் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் ஒலியையும் ஒளியையும் பற்றிய ஆராய்ச்சி. பத்தாண்டுகள் இப்படியே கழிந்தன. 1917-இல் அந்தப் பதவியை விட்டு, அதைவிடக் குறைந்த சம்பளத்துக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1928-இல் உலகம் வியந்த கண்டுபிடிப்பு; 1930-இல் நோபல் பரிசு. அவர்தான் சர் சி. வி. இராமன்.

இந்த வரலாற்றை மேடையில் கூறுவோர், "என்னே உழைப்பு! என்னே தியாகம்!" என்று கூறி முடித்துக் கொள்வர். நாம் அங்கே முடித்துக்கொள்ள விரும்பவில்லை. அங்கிருந்துதான் நம் கேள்வியைத் தொடங்குகிறோம். அவ்வளவு பெரிய சர்க்காரில், அவருடைய அறிவுக்கேற்ற நாற்காலி ஒன்று ஏன் இல்லை? கணக்குப் பார்க்க அழைத்த சர்க்கார், கண்டுபிடிக்க ஏன் அழைக்கவில்லை? அவர் ஒருவர் மீண்டார். அவர் பெயரை அறிவோம். கோப்புக் கட்டுகளுக்கிடையே புதைந்து போனவர்கள் எத்தனை பேர்? அவர்தம் பெயர் எந்த ஏட்டிலும் இல்லையே!

"அன்னியன் ஆட்சி; அதன் கோளாறு அது" என்பர் சிலர். உண்மைதான், ஆனால் முழு உண்மையன்று. இலண்டனில் பயின்ற பிரமதநாத போஸ் 1880-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். இருபதாண்டுகளுக்கு மேல் காடும் மலையும் சுற்றிப் பணிபுரிந்தார். 1903-இல் அத்துறையின் தலைமைப் பதவி, அவருக்குப் பத்தாண்டு பின்னால் வந்த வெள்ளை அதிகாரிக்குத் தரப்பட்டது. போஸ் விலகினார். மறு ஆண்டே, மயூர்பஞ்சில் கண்ட இரும்புத் தாதுவைப் பற்றி ஜாம்ஷெட்ஜி டாட்டாவுக்குக் கடிதம் எழுதினார். 1907-இல் பிறந்த டாட்டா இரும்பாலைக்கு அந்தத் தாதுவே ஆதாரமாயிற்று. நட்டம் யாருக்கு? போஸுக்கா, அவரைப் போகவிட்ட சர்க்காருக்கா?

வெள்ளையன் போனான், நாற்காலியின் சட்டம் போயிற்றா?

1958 மார்ச் 4-ஆம் நாள் இந்திய சர்க்கார் அறிவியல் கொள்கைத் தீர்மானத்தை வெளியிட்டது. அறிவியலாளருக்கு நல்ல பணி நிலைமைகளும் மதிப்புமிக்க இடமும் தருவதாக அதில் உறுதி கூறப்பட்டது. ஏட்டில் இனித்தது அந்த உறுதி. பதினான்கு ஆண்டுகள் சென்றன. 1972-இல் டெல்லி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய அறிவியலாளர் ஒருவர், நியமனத்தில் நீதி கிட்டவில்லை என்ற மனக்குறையைக் கடிதமாக எழுதி வைத்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த முடிவை நாம் போற்றவில்லை. உயிரோடிருந்து போராடுவதே நம் நெறி. ஆனால் பிறகு நடந்ததை மறத்தலும் ஆகாது. நாடாளுமன்றம் கொதித்தது, முன்னாள் தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது, 1973-இல் வேளாண் அறிவியலாளர் தேர்வு வாரியம் பிறந்தது, 1975-இல் வேளாண் ஆராய்ச்சிப் பணி அமைந்தது. வாழ்ந்தபோது கேளாத காது, மாண்டபின் கேட்டது!

நோயின் வேர் எது? சம்பளக் குறைவு மட்டுமன்று. காலியிடம் என்னும் கொடுங்கோலே வேர். மேலே இருப்பவர் ஓய்வு பெற்றாலொழியக் கீழே இருப்பவருக்கு உயர்வில்லை. பத்தாண்டில் அவர் அறிவு பன்மடங்கு வளர்ந்திருக்கலாம், நாற்காலி வளராது. ஒருவேளை உயர்வு வந்தாலோ, நுண்ணோக்கியை விட்டுவிட்டுக் கோப்பைப் புரட்டு என்கிறார்கள். நல்ல ஆராய்ச்சியாளர் ஒருவரை இழந்து, நடுத்தர நிர்வாகி ஒருவரைப் பெறுவதற்குப் பெயர் பதவி உயர்வாம்!

பொதுப்பணித் துறைப் பொறியாளரைப் பாருங்கள். உதவிப் பொறியாளர், உதவி செயற்பொறியாளர், செயற்பொறியாளர், கண்காணிப்புப் பொறியாளர், தலைமைப் பொறியாளர் என்று ஒவ்வொரு படியிலும் காத்திருந்து ஏற வேண்டும். வழியிலேயே ஓய்வுபெறும் வயது வந்துவிடுகிறது பலருக்கு. உச்சியை எட்டியவருக்கும் மேலே, துறைச் செயலாளர் நாற்காலியில் பெரும்பாலும் அமர்ந்திருப்பவர் யார்? இளமையில் வேறொரு தேர்வில் வென்று, வேறொரு வாயில் வழியே நுழைந்தவர். அணையின் கசிவைப் பற்றி முப்பதாண்டுகள் கற்றவர் குறிப்பு எழுதுகிறார். சென்ற மாதம்வரை வேறு துறையிலிருந்தவர் அதன்மேல் முடிவெழுதுகிறார்.

தோழர்களே, இந்த ஏற்பாடு நமக்கு எங்கோ கேட்ட பாட்டைப் போல் இல்லையா? ஒருவன் என்ன கற்றான், என்ன செய்தான் என்று கேளாமல், எங்கே பிறந்தான் என்று மட்டும் கேட்டதே வருணதருமம்! எந்த வாயிலில் நுழைந்தான் என்று மட்டும் கேட்கிறதே இது! இரண்டும் ஒன்று என்று நாம் மிகைப்படுத்தவில்லை. தேர்வை யாரும் எழுதலாம். பிறப்பை யாரும் எழுத முடியாது. எனினும், இளமையில் விழுந்த முத்திரை முதுமை வரை அழியாது என்பதும், கையால் செய்வோனைவிடக் கட்டளையிடுவோனே மேல் என்பதும் அந்தப் பழைய மரத்தின் விதைகளே.

மாற்று வழி இல்லையா? இருக்கிறது, இந்த நாட்டிலேயே இருக்கிறது. 1954-இல் அணுசக்தித் துறை அமைந்தபோது, அதன் செயலாளராக அமர்ந்தவர் ஹோமி பாபா என்னும் அறிவியலாளர். அங்கே காலியிடத்தைப் பார்த்து மனிதனை உயர்த்தவில்லை. மனிதனின் தகுதியைப் பார்த்து இடத்தை உயர்த்தினார்கள். குறித்த காலம் பணியாற்றியவரின் வேலையை, அத்துறை அறிந்தவர்கள் ஆய்ந்து பார்ப்பர். தகுதி உண்டெனில், அவர் ஆய்வுக்கூடத்தில் இருந்தபடியே உயர்வார். 1980-களில் இம்முறை வேறு சில அறிவியல் துறைகளுக்கும் சென்றது. பாலமும் அணையும் கட்டும் பொறியாளர்களில் பெரும்பாலோர் வாசலில் மட்டும் அது இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

"அறிவுத்தொண்டு செய்வோர் பதவியைக் கேட்கலாமா?" என்று உபதேசிப்போர் உண்டு. தியாகம் என்பது ஒருவர் தாமே விரும்பித் தருவது. பிறர் அவரிடம் கட்டாயமாகப் பெற்றால் அதற்குப் பெயர் சுரண்டல். தகுதியுள்ளவனுக்கு வளர்ச்சியை மறுப்பது அவனுக்கு மட்டும் இழைக்கும் அநீதியன்று. அவன் அறிவால் பயன்பெற வேண்டிய உழவனுக்கும் நோயாளிக்கும் ஆற்றங்கரைக் குடிசைவாசிக்கும் இழைக்கும் அநீதி.

"அப்படியானால் நிபுணர்களே நாட்டை ஆளட்டும் என்கிறீர்களா?" என்று கேட்கலாம். இல்லை. எந்த ஊருக்கு முதலில் குடிநீர் என்பதை மக்களின் பிரதிநிதிகளே முடிவு செய்ய வேண்டும். அந்தக் குழாய் எத்தனை அழுத்தம் தாங்கும் என்பதை அறிந்தவன், அவர்கள் முன் நேரே நின்று பேசும் உரிமையைத்தான் கேட்கிறோம். பிரிட்டனில் 1968-இல் ஃபுல்டன் குழு, பொது நிர்வாகிக்கே முதலிடம் என்ற மரபைக் கண்டித்தது. இங்கும் 1969-இல் நிர்வாகச் சீர்திருத்தக் குழு, நிபுணர்க்கு உயர் பதவிகளின் கதவைத் திறக்கச் சொன்னது. சொன்னவை ஏட்டில் உள்ளன. கதவோ அரைகுறையாகவே திறந்தது.

இங்கே நம் தோழர்கள் விழிப்போடிருக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. தகுதி என்ற சொல் நம் கையில் சாவி. பிறர் கையில் பூட்டு. 1975-இல் மத்திய சர்க்கார் பிறப்பித்த ஆணை, ஆராய்ச்சி நடத்தும், வழிகாட்டும் உயர்தரப் பதவிகளை, முதற்பிரிவின் தொடக்கப் படிக்கு மேல், இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கியது. 1992-இல் மண்டல் வழக்கின் தீர்ப்பும், ஆராய்ச்சித் துறையின் தொழில்நுட்பப் பதவிகள் சிலவற்றில் இடஒதுக்கீடு உகந்ததன்று என்றது. கீழ்ப்படியில் ஒருவரை அமர்த்திவிட்டு, மேற்படிக்கு வழியை அடைப்பது தகுதியைக் காப்பதாகுமா? தகுதியை எடைபோடும் குழுவில் அமர்ந்திருப்போர் யார்? எந்த அளவுகோலால் அளக்கிறார்கள்? ஏன் மறுத்தோம் என்பதை எழுதித் தருகிறார்களா? மேல்முறையீட்டுக்கு இடமுண்டா? இவற்றுக்கு விடையில்லாத தகுதி, சலுகையின் மறுபெயரே.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. காலியிடத்துக்காகக் காத்திராமல், பணியின் தரத்தால் உயர்வு. ஆய்வுக்கூடத்தை விடாமலே உச்சியை எட்டும் வழி. துறைத் தலைமையில் துறையை அறிந்தவருக்கு உரிய இடம். இந்த மூன்றிலும் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தட்டாத பங்கு.

பகுத்தறிவு என்பது கோயில் வாசலில் மட்டும் கேட்கும் கேள்வியன்று. சர்க்கார் அலுவலக வாசலிலும் கேட்க வேண்டிய கேள்வி. நாளை ஓர் உழவர் வீட்டுப் பெண், பொறியியல் கற்று, அரசுப் பணிக்கு வருவாள். எந்த வாயிலில் நுழைந்தாய் என்று அவளைக் கேட்காதீர்கள். என்ன கற்றாய், என்ன கட்டினாய் என்று கேளுங்கள். அவளுடைய விடைக்கேற்ற இடத்தை அவளுக்குத் தாருங்கள்.