கூரையும் அடிமனையும்

வீடு என்றால் என்ன என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடப் பதில் சொல்லிவிடும். நாலு சுவர், ஒரு கூரை, வாசலில் ஒரு கோலம். ஆனால் அதே கேள்வியை ஸ்ரீரங்கத்து வீதிகளில் நின்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்வதற்கு முன்னால் வக்கீல் ஒருவரை அழைத்து வரவேண்டியிருக்கும்.

அரங்கன் கோயிலுக்கு ஏழு பிராகாரங்கள். அவற்றில் வெளிப்புறத்து மூன்றிலும் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். உத்தர வீதியும் சித்திரை வீதியும் அடையவளஞ்சானும் தெய்வத்தின் மதில்களுக்கு நடுவே அமைந்த ஊர்த் தெருக்கள். அங்கே பல வீடுகளின் சுவரும் கூரையும் குடியிருப்பவருடையவை. அவை நிற்கும் மண் மட்டும் பெருமாளுடையது என்கிறது கோயில் நிர்வாகம். தலைமுறை தலைமுறையாக இருக்கிறோம், வரி கட்டுகிறோம், மண்ணும் எங்களுடையதே என்கிறார்கள் குடியிருப்பவர்கள். இதற்கு 'அடிமனைப் பிரச்னை' என்று பெயர். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அதற்கு நீதிமன்றங்கள் இருக்கின்றன. கதை எழுதுகிறவன் என்ற முறையில் என் மனத்தைப் பிடித்துக்கொண்டது அந்தச் சொல்தான். அடிமனை! வீட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் சுவரையும் கூரையையும் பற்றியே பேசுகிறோம். காலுக்குக் கீழே இருப்பதைப் பற்றி, வில்லங்கம் வந்தாலொழிய யாரும் பேசுவதில்லை.

சர்க்கார்களும் அப்படித்தான். சுதந்திரம் வந்த ஐந்தாம் ஆண்டிலேயே, 1952-இல், ஆலைத் தொழிலாளர் வீடுகளுக்கு மத்திய சர்க்கார் மானியம் தர முன்வந்தது. 1954-இல் குறைந்த வருவாய் உள்ளவர்களுக்கு வீட்டுக் கடன். 1956-இல் குடிசைப் பகுதி ஒழிப்பு. 1957-இல் கிராம வீட்டுத் திட்டம். நம் மாநிலத்தில் 1961-இல் வீட்டு வசதி வாரியம் பிறந்தது. 1970-இல் குடிசை மாற்று வாரியம். பின்னதற்கு 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிற்று. 1985-இல் இந்திரா பெயரில் ஒரு திட்டம். 2010-இல் கலைஞர் பெயரில் ஒன்று. 2011-இல் பசுமை வீடுகள். 2015-இல் நகரங்களுக்கும் 2016-இல் கிராமங்களுக்கும் பிரதமர் திட்டம். 2024-இல் 'கலைஞரின் கனவு இல்லம்'. இந்தக் கடைசித் திட்டத்தில் 360 சதுர அடி வீடு ஒன்றுக்கு 3.50 லட்சம் ரூபாய்.

இவற்றையெல்லாம் ஏளனம் செய்கிறவர்கள் உண்டு. அவர்கள் ஓர் ஐப்பசி மாதத்தை ஓலைக் குடிசையில் கழித்துப் பார்க்கட்டும். 1977 நவம்பரில் காவிரி ஊருக்குள் வந்ததைப் பார்த்த திருச்சிக்காரர்களுக்கு, மண்சுவர் எத்தனை நாழிகை நிற்கும் என்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. கூரை பெரிய விஷயந்தான்.

ஆனால் கூரை மட்டும் வீடாகிவிடுமா? இன்று இங்கே படுத்துக்கொள்கிறேன், நாளைக்கும் இங்கேதான் விழித்தெழுவேன், என் பெண்ணின் பள்ளிக்கூடம் மாறாது, என் வேலைக்கு நான் நடந்தே போகலாம் என்ற நிச்சயம் இருக்கிறதே, அதுதான் வீடு. கூரையைத் தலையெண்ணி விடலாம். புகைப்படம் எடுத்து அறிக்கையில் ஒட்டலாம். நிச்சயத்தை எந்த அதிகாரி எண்ணுவார்? எண்ண முடியாதது எளிதில் மறந்து போகிறது.

நம் அரசியல் சட்டத்தின் ஏற்பாடும் இந்த மறதிக்குத் துணை போகிறது. நிலம் மாநிலங்களின் அதிகாரத்தில் இருக்கிறது; பெரிய பணப் பை டில்லியில் இருக்கிறது. ஆகவே டில்லி கூரைக்குப் பணம் தருகிறது. மண்ணை யார் தருவது? நகரத்தில், சொந்த மனையில் தானே வீடு கட்டிக்கொள்கிறவனுக்குப் பிரதமர் திட்டத்தில் உதவி உண்டு. அதைப் பெற அவன் கையில் மனைக்கு ஆதாரம் இருக்கவேண்டும். பட்டா இல்லாத புறம்போக்கில், வாய்க்கால் கரையில், ரயில் பாதை ஓரத்தில் இருப்பவன் யாரைக் காட்டிலும் ஏழை. அந்த உதவியின் வாசலில் முதலில் தடுக்கி விழுகிறவனும் அவன்தான். காலூன்ற இடம் இருப்பவனுக்குக் குடை. இடமே இல்லாதவனுக்கு, "இடத்தோடு வா" என்ற பதில்.

நாளையைப் பற்றிச் சட்டம் அடியோடு யோசிக்கவில்லை என்று சொல்லக்கூடாது. 1921-ஆம் ஆண்டிலேயே சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் செய்தார்கள். பிறர் மனையை வாடகைக்கு எடுத்து, நம்பி வீடு கட்டியவனை வெளியேற்றப் பார்த்தால், அந்த மனையை விலைக்குக் கேட்கும் உரிமையை அது அவனுக்குக் கொடுத்தது. 1996-இல் கோயில் முதலிய சமய நிறுவனங்களின் நிலத்துக்கு அதிலிருந்து விலக்கு அளித்தார்கள். இன்னொன்று வாடகைக் கட்டுப்பாடு. யுத்த கால உத்தரவாகப் பிறந்து, 1946-இலும் 1949-இலும் சட்டமாகி, 1960-இல் புதிய உருவம் பெற்று, 2019 வரையில் நம் நகரங்களை ஆண்டது அது.

இந்த இடத்தில்தான் தர்மசங்கடம் ஆரம்பமாகிறது. ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லையில் கிணறு. முன்கட்டில் கணவனை இழந்த ஒரு மாமி. இரண்டாங்கட்டில் முப்பது வருஷமாக ஒரு குமாஸ்தாவின் குடும்பம்.

"ஓடு மாத்தணும். வாடகையைக் கொஞ்சம் ஏத்திக் கொடுங்கோளேன்."

"கோர்ட்டிலே எவ்வளவு நிர்ணயம் பண்றாளோ, அவ்வளவு கொடுத்துடறேன், மாமி."

குமாஸ்தா கெட்டவரல்ல. மூன்று பெண்கள், அவர் சம்பளத்துக்கு வெளியே வேறு இடம் கிடைக்காது. சட்டம் அவருக்கு நாளையை உறுதி செய்தது. நல்ல காரியம். ஆனால் அந்த நாளையை வாங்கியது யார் பணத்தில்? சர்க்கார் கஜானாவிலிருந்து ஒரு காசு வெளிவரவில்லை. மாமியின் சுருக்குப்பையிலிருந்து வந்தது. தெரு முழுவதும் வீடு வைத்திருந்த தனவந்தருக்கும், ஓட்டை ஓட்டின் கீழ் இருந்த மாமிக்கும் ஒரே சட்டம். தர்மம் செய்த பெயர் ராஜாங்கத்துக்கு, செலவு மாமிக்கு.

பிறர் பணத்தில் செய்யும் தர்மம் நெடுநாள் நிற்காது. குடிவைத்தால் எழுப்ப முடியாது என்று பயந்தவர்கள் பூட்டுப் போட்டார்கள். லாபம் கருதி வாங்கிச் சும்மா போட்டவர்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்குப்படி இந்திய நகரங்களில் காலியாகக் கிடந்த வீடுகள் சுமார் 1 கோடியே 10 லட்சம். அதற்கு அடுத்த ஆண்டு, நகரங்களில் வீட்டுப் பற்றாக்குறை 1 கோடியே 88 லட்சம் என்று மத்திய சர்க்காரின் நிபுணர் குழு மதிப்பிட்டது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, நம் பஞ்சம் செங்கல் பஞ்சம் மட்டுமல்ல என்பது விளங்கும்.

2017-இல் இயற்றி 2019-இல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் வாடகையை ஒப்பந்தம் நிர்ணயிக்கிறது. காலம் முடிந்தால் குடியிருப்பவர் காலி செய்துவிட வேண்டும். மாமிக்கு நியாயம் கிடைத்துவிட்டது. குமாஸ்தாவின் நாளை? அது ஒப்பந்தத்தின் கடைசித் தேதியோடு முடிந்துபோகிறது. ஒருவர் சுமையை இறக்கி, இறக்கிய சுமையை இன்னொருவர் தலையில் வைத்திருக்கிறோம். இருவருக்கும் பொதுவான பையிலிருந்து அந்த வித்தியாசத்தைக் கொடுக்கும் வழியை நாம் இன்னும் சரியாக முயன்று பார்க்கவில்லை. அமெரிக்காவில் 1974 முதல் அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஏழைக் குடும்பம் தன்னால் முடிந்த வாடகையைத் தர, மீதியைச் சர்க்கார் வீட்டுக்காரருக்குச் செலுத்துகிறது. தகுதி உள்ளவர்களில் சிலருக்கே அது கிடைக்கிறது என்பது வேறு விஷயம்.

வேலையோடு சேர்ந்து வரும் வீடு ஒன்று உண்டு. 1920-களின் கடைசியில் தென்னிந்திய ரயில்வேயின் தொழிற்சாலை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தபோது, அதைச் சுற்றிக் குவார்ட்டர்ஸ் வரிசைகளும் எழுந்தன. மரங்கள், அகலமான சாலைகள், தண்ணீர் வசதி. அந்தக் காலத்துத் திருச்சியில் ஏழைத் தொழிலாளிக்கு அதைவிட நல்ல வீடு கிடைத்திராது. ஆனாலும் அந்தச் சாவி உத்தியோகத்தின் சாவி. ஓய்வு பெற்ற பிறகு சில மாதங்களில் அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். வேலை நல்லதாக இருந்தால் இது சிறிய துன்பம். வேலை கெட்டதாக இருந்தால்? திருச்சி, சேலம், மதுரைச் சீமைகளிலிருந்து கடல் தாண்டி இலங்கை மலைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களுக்கு, லயம் என்ற பெயரில் வரிசை வரிசையாக ஓர் அறை வீடுகள் கிடைத்தன. தோட்டத்து வேலையை விட்டால் லயத்தையும் விடவேண்டும். கூரை இருந்தது, அந்தக் கூரையே கால் விலங்காகவும் இருந்தது. இந்திய உதவியோடு அங்கே வீடுகள் கட்டப்பட்டபோது ஒவ்வொன்றும் 7 பேர்ச் மண்ணில் தனியாக நின்றது. சுவர்களைவிட அந்த 7 பேர்ச்சுத்தான் பெரிய விடுதலை என்பேன்.

மண் இருந்தாலும், அது எங்கே இருக்கிறது என்று ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. சேலம் மாவட்டத்தில் பஞ்சம் பிழைக்க வழியின்றி 1961-இல் பம்பாய்க்குப் போன நிலமற்ற கூலியாள் ஒருவரின் கதை, நம் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு ஒன்றில் பதிவாகியிருக்கிறது. நடைபாதையில் அவர் போட்டிருந்த குடிசையை 1981-இல் இடித்தார்கள். குடும்பத்தோடு பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினார்கள். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு அவர் மறுபடியும் பம்பாய்க்கே திரும்பினார். பிழைப்பு அங்கேதானே இருந்தது! ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்ற அந்த வழக்கில், 1985-இல் ஐந்து நீதிபதிகள், உயிர் வாழும் உரிமையில் பிழைக்கும் உரிமையும் அடக்கம் என்றார்கள். இருப்பிடத்தைப் பறித்தால் பிழைப்பையும் பறித்ததாகும் என்று ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டபின், மழைக்காலம் முடிந்ததும் அகற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். மாநகரங்கள் அந்தத் தீர்ப்பின் பின்பாதியையே நன்றாக நினைவில் வைத்திருக்கின்றன. சென்னையில் எழுபதுகளில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் எழும்பின. 2000-க்குப் பிறகு ஊர்க்கோடியில் கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் எழும்பின. கூரை என்னவோ உறுதியானதுதான். பாத்திரம் தேய்க்கப் போகும் பெண்ணுக்குத்தான் அவள் வேலை செய்த வீடுகள் எட்டாத தூரமாகிவிட்டன.

கட்டுவதோடு கடமை முடிந்தது என்று எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம் சாட்சி. புரூயிட்-ஐகோ என்ற பெயரில் 11 மாடிக் கட்டடங்கள் 33-ஐ ஐம்பதுகளில் எழுப்பினார்கள். கட்டச் சர்க்கார் பணம் கொடுத்தது. பராமரிப்பை ஏழைகளின் வாடகையே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிட்டது. 1972-இல் வெடி வைத்து இடிக்க ஆரம்பித்தார்கள். அதே காலத்தில், 1960-இல், சிங்கப்பூர் ஒரு வாரியம் அமைத்தது. இன்று அந்நாட்டு மக்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவர்கள், நம் தமிழர்கள் உட்பட, அதன் வீடுகளில் இருக்கிறார்கள். அங்கேயும் மண் குடியிருப்பவருடையதல்ல. 99 வருஷக் குத்தகைதான். ஆனால் 99 வருஷம் என்பது ஒரு மனிதனின் ஆயுளுக்குப் போதுமான நாளை. மண்ணின் சொந்தக்காரன் யார் என்பதைவிட, என்னை எழுந்திரு என்று சொல்லும் அதிகாரம் யாரிடம், எந்த விதியின்படி இருக்கிறது என்பதே முக்கியம்.

"எல்லாவற்றையும் சர்க்கார் கொடுத்துவிட்டால் ஜனங்கள் சோம்பேறிகளாகிவிட மாட்டார்களா?" என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். நான் திருப்பி ஒன்று கேட்கிறேன். வீட்டுக் கடனுக்கு நாம் கட்டும் வட்டிக்கு வருமான வரியில் நீண்ட காலமாகக் கழிவு பெற்று வந்தோமே, அதனால் நாம் சோம்பேறிகளாகிவிட்டோமா? நமக்குக் கிடைத்தால் அதற்குச் 'சலுகை' என்று பெயர். கொத்தனாருக்குக் கிடைத்தால் 'இலவசம்' என்று பெயர். நம் வீட்டு வாசலில் எந்தத் தலைவர் பெயரும் எழுதவில்லை. அவர் வீட்டுத் திட்டத்துக்கு மட்டும் எப்போதும் ஒரு தலைவரின் பெயரோ பதவியின் பெயரோ வேண்டியிருக்கிறது.

தானம் பெற்றவன் தலை குனிய வேண்டும். தனக்குரியதைப் பெற்றவன் குனிய வேண்டியதில்லை. இந்த நகரங்களைக் கட்டியவர்களுக்கு அவற்றில் ஒரு நாளை உண்டு என்று நாம் ஏற்றுக்கொண்டால், வீட்டுத் திட்டம் எதுவும் தானமாக இருக்க முடியாது. பிறகு கேட்கவேண்டியவை மூன்றே கேள்விகள். கூரையோடு மண்ணும் கிடைக்கிறதா? அந்த மண் பிழைப்புக்குப் பக்கத்தில் இருக்கிறதா? அதன் விலையை எல்லோரும் சேர்ந்து கொடுக்கிறோமா, அல்லது யாரோ ஒரு மாமியின் தலையில் கட்டுகிறோமா? அடுத்த தடவை வீடு வழங்கும் விழாப் படத்தைப் பத்திரிகையில் பார்க்கும்போது, சாவியை நீட்டுகிற கையை விட்டுவிட்டு, அதை வாங்குகிறவர் நாளைக் காலையில் எந்தப் பஸ் பிடித்து எங்கே வேலைக்குப் போவார் என்று யோசித்துப் பாருங்கள்.