பதிவேட்டில் இல்லாத ரேகை

ஒரே அச்சில் அறுத்த செங்கற்களும் சூளையிலிருந்து வெளிவரும்போது ஒன்றுபோல் மற்றொன்று இருப்பதில்லை. ஒட்டுசுட்டானில் கல்லறுக்கும் எவருக்கும் இது தெரியும். கணினிச் சில்லுகளுக்கும் இதுவே விதி. அந்தக் குறையையே காவலாக்கலாம் என்பதுதான் வியப்பு.

சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த சிறிநிவாஸ் தேவதாஸும் அவரது சகாக்களும் 2002இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலிருந்து இக்கருத்தை வெளியிட்டனர். இதன் ஒரு வகை இப்படி இயங்குகிறது: சில்லினுள் சமமாக வரையப்பட்ட இரு பாதைகளில் ஒரே கணத்தில் மின்துடிப்பு விடப்படுகிறது. வரைபடத்தின்படி இரண்டும் ஒன்றாக வந்துசேர வேண்டும். உற்பத்தியில் நேர்ந்த நுண்ணிய வேறுபாட்டால் ஒன்று முந்துகிறது. முந்தியது எது என்பதே விடை. 0 அல்லது 1. பாதைகளை மாற்றி மாற்றிக் கேட்டால் ஒவ்வொரு சில்லும் தனக்கே உரிய விடைத்தொடரைத் தரும். செய்த தொழிற்சாலையே நினைத்தாலும் அதுபோல் இன்னொன்றைச் செய்ய முடியாது. இரகசிய எண்ணை எங்கும் எழுதிவைக்க வேண்டாம், உடம்பே சாட்சி.

மனிதனும் அப்படித்தான், எவனும் எவனுடைய பிரதியுமல்லன் என்று சொல்லி மகிழ்ந்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. சில்லை வெளியே அனுப்புமுன் அதனிடம் வினாக்களைக் கேட்டு, விடைகளைப் பதிந்துகொள்கிறார்கள். அந்தப் பதிவு அழிந்துபோனால்? சில்லு அதே சில்லுதான், அதே விடையைத்தான் சொல்லும். சரியென்று சொல்லத்தான் ஆளில்லை.

2009இல் போரினூடே வன்னியை விட்டு வெளியேறியவர்களில் பலரிடம் பிறப்புச் சான்றிதழும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை, காணி உறுதியும் இல்லை. கைரேகை கையோடு இருந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் முல்லைத்தீவிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும், போர் முடிந்து திரும்பியபோது, பிறந்த ஊரிலேயே ஊரவரென்று நிறுவக் கடதாசி தேட வேண்டியிருந்தது. தனித்தன்மையில் அவர்களுக்கு என்ன குறை? ஒப்பிட்டுப் பார்க்கும் பழைய பக்கம்தான் இல்லை. அடையாளம் பாதி நம் உடம்பிலும் பாதி அடுத்தவர் பெட்டகத்திலும் இருக்கிறதென்றால், நிரூபிக்கும் பாரம் முழுவதையும் வந்தவன் தலையில் ஏற்றுவது என்ன நீதி? பக்கத்தைக் காக்கத் தவறியவருக்கும் பாதிக் கடன் உண்டு என்பேன்.

இன்னொன்று. வெப்பத்திலும் வயதிலும் சில்லின் விடைகள் சில பிறழும். அதற்காக அதைப் போலியென்று தள்ளுவதில்லை. இத்தனை பிழைவரை பொறுப்பது என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கிறார்கள். இங்கே ஒரு கடதாசியில் அப்துல் ஹமீது, இன்னொன்றில் அப்துல் ஹமீட் என்றிருப்பதற்காக ஒரு மனிதர் எத்தனை முறை கச்சேரிப் படியேற வேண்டியிருக்கிறது!