உங்கள் திட்டத்தில் யாருடைய பங்கு இருக்கிறது?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



சந்தவாசலிலும் ஆரணியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் நம்மில் பெரும்பாலோர் சிறு தொழில்காரர்கள். ஒருவர் நாலு தறிக்கு நூல் வாங்கிக் கொடுத்து சேலை எடுக்கிறார். ஒருவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். ஒரு சகோதரி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறார். "கணக்கு எழுதுங்கள், அடுத்த ஆறு மாதத்துக்கு ஒரு திட்டம் போடுங்கள்" என்று இவர்களிடம் சொன்னால் பல நேரம் ஒரே பதில்தான் வருகிறது: "ரிஸ்க் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. நாம் திட்டம் போட்டு என்ன ஆகப் போகிறது?"

இந்தப் பதிலின் முதல் பாதி ஈமான். அதில் யாருக்கும் சந்தேகம் இருக்கக் கூடாது. இரண்டாம் பாதியைத்தான் இன்று சற்று நிதானமாக யோசிக்க வேண்டும்.

தவக்குல் என்பது எது?

ஒட்டகத்தைக் கட்டிப் போட்டுவிட்டு அல்லாஹ்வை நம்பவா, கட்டாமல் விட்டுவிட்டு நம்பவா என்று கேட்ட மனிதருக்கு, முதலில் கட்டு, பிறகு நம்பு என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள் (திர்மிதீ). இந்த ஹதீஸை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

ஹிஜ்ரத்தைப் பாருங்கள். மதீனா மக்காவுக்கு வடக்கே இருக்கிறது. நபியவர்களோ தெற்கே இருக்கும் தவ்ர் குகைக்குப் போனார்கள். மூன்று இரவுகள் அங்கே தங்கினார்கள். மக்காவின் செய்தியை இரவில் கொண்டுவர அபூபக்ர் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ். பாலுக்கு ஆட்டு மந்தையோடு ஆமிர் பின் ஃபுஹைரா. வழிகாட்ட அப்துல்லாஹ் பின் உரைகித். அவர் அப்போது முஸ்லிம்கூட இல்லை, ஆனால் பாதை தெரிந்தவர். ஒட்டகங்களை முன்கூட்டியே அவரிடம் ஒப்படைத்து, எந்த நாளில் எங்கே வர வேண்டும் என்றும் பேசி வைத்திருந்தார்கள். இத்தனை ஏற்பாடும் செய்த அதே நபிதான், எதிரிகள் குகை வாசலில் நின்றபோது, கவலைப்படாதீர், அல்லாஹ் நம்மோடு இருக்கிறான் என்று தோழருக்கு ஆறுதல் சொன்னார்கள் (9:40). திட்டம் அவர்களுடைய தவக்குலைக் குறைக்கவில்லை.

தம் குடும்பத்துக்கு ஓராண்டுக்கான உணவை அவர்கள் எடுத்து வைத்ததாகவும் உமர் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரீ).

திட்டமின்மையின் விலையைக் கொடுப்பவர் யார்?

இந்த விஷயத்தில் நாம் அதிகம் பேசாத ஒரு பக்கம் இருக்கிறது. திட்டமில்லாமல் தொழில் செய்கிறவர், "நஷ்டம் வந்தால் எனக்குத்தானே" என்று நினைக்கிறார். அது உண்மையா?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்களிடம் 4 தறி ஓடுகிறது. ஒரு தறியில் 15 நாளுக்கு ஒரு சேலை இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் உங்களுக்கு 90 நாள் கழித்துத்தான் பணம் தருகிறார். அந்த 90 நாளில் ஒரு தறிக்கு 6 சேலை, 4 தறிக்கு 24 சேலை. அதாவது உங்கள் கைக்கு முதல் பணம் வருவதற்குள் 24 முறை கூலி கொடுத்தாக வேண்டும். நூலும் ஜரிகையும் தனி. இதை முன்கூட்டியே எழுதிப் பார்க்காதவர் இரண்டாவது மாதத்திலேயே தடுமாறுவார். சேலையை அறுத்துக் கொடுத்துவிட்டு நிற்கும் நெசவாளரிடம் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பார். அந்த நெசவாளரின் வீட்டில் அன்று அடுப்பு எரிய வேண்டும்.

வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராகக் கியாமத் நாளில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் சொல்கிறான் (புகாரீ). கூலி கொடுக்காமல் ஏமாற்ற வேண்டும் என்று நம்மில் யாரும் நினைப்பதில்லை. ஆனால் கணக்குப் பார்க்காத காரணத்தால் கொடுக்க முடியாமல் போனாலும், காத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த வாரம் பசி ஒன்றுதானே?

அடுத்து நடப்பதும் உங்களுக்குத் தெரியும். கூலி கொடுக்கக் கந்துவட்டிக்காரரைத் தேடிப் போகிறோம். தமிழ்நாட்டில் அதைத் தடுக்க 2003இல் சட்டமே வந்தது. நமக்கோ அதற்கு வெகு முன்பே வட்டி ஹராமாக்கப்பட்டுவிட்டது. வட்டி கூடாது என்று தெரிந்த பலரை அதில் தள்ளிவிடுவது, முன்பே எழுதிப் பார்க்காத ஒரு பக்கக் கணக்கு.

ஸகாத்தும் அப்படித்தான். வியாபாரச் சரக்குக்கு 2.5 சதவீதம் என்பது நமக்குத் தெரியும். சரக்கு எவ்வளவு, வரவேண்டியது எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று கணக்கே இல்லாதவர் எதில் 2.5 சதவீதம் பார்ப்பார்? ஏழைக்குரிய பங்கு அவருக்கே தெரியாமல் அவர் கல்லாவில் தங்கிவிடுகிறது.

இரண்டு திட்டங்கள்

அப்படியென்றால் திட்டம் போட்டவரெல்லாம் நல்லவரா? இல்லை. குர்ஆன் இரண்டு திட்டங்களைக் காட்டுகிறது.

ஒன்று யூசுஃப் (அலை) அவர்களுடையது (12:47-49). ஏழு ஆண்டுகள் பயிரிடுங்கள். சாப்பாட்டுக்குத் தேவையான சிறிதளவு போக, மீதியைக் கதிரோடு விட்டுவையுங்கள். பிறகு வரும் ஏழு கடுமையான ஆண்டுகளுக்கு அது உதவும் என்றார்கள். பஞ்ச காலத்திலும் கொஞ்சம் மிச்சம் வைக்கச் சொன்னார்கள். அந்தத் திட்டத்தால் ஒரு நாடே பஞ்சத்தைத் தாண்டியது.

மற்றொன்று சூரத்துல் கலமில் வரும் தோட்டக்காரர்களுடையது (68:17-33). அவர்களும் திட்டமிட்டார்கள். விடியற்காலையில் போய்ப் பறித்துவிட வேண்டும், எந்த ஏழையும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று மெதுவாகப் பேசிக்கொண்டே போனார்கள். அல்லாஹ் நாடினால் என்று சொல்லவும் இல்லை. போய்ப் பார்த்தால் தோட்டமே அழிந்து கிடந்தது.

இரண்டிலும் முன்யோசனை இருந்தது. ஒன்றில் பசித்தவருக்குப் பங்கு இருந்தது. மற்றதில் அவர் வெளியே நிறுத்தப்பட்டார். ஆகவே உங்கள் திட்டத்தைப் பார்த்து நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, இதில் எனக்கு எவ்வளவு என்பது மட்டுமன்று. இதில் யார் யாருடைய ஹக்கு எழுதப்பட்டிருக்கிறது என்பதும்தான்.

திட்டமிட்டும் தோற்றால்?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, நன்றாகக் கணக்கு வைத்திருந்தவரின் தறியும்தான் நின்றது. அதற்கடுத்து பட்டு நூல் விலை கடுமையாக ஏறியபோது, ஏற்கெனவே பேசிய விலைக்குச் சேலை கொடுக்க முடியாமல் பலர் திணறினார்கள். உண்மைதான். நாளைக்கு இதைச் செய்வேன் என்று இன்ஷா அல்லாஹ் இல்லாமல் சொல்லக் கூடாது (18:23-24) என்பதும் இதனால்தான். திட்டம் முடிவுக்கு உத்தரவாதம் தராது.

ஆனாலும் கணக்கு வைத்திருப்பவரால் கஷ்டத்திலும் நேர்மையாக இருக்க முடியும். யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கடன் கொடுத்தவரை நேரில் பார்த்து, இவ்வளவு இருக்கிறது, இவ்வளவு அவகாசம் வேண்டும் என்று கேட்க முடியும். கஷ்டப்படும் கடனாளிக்கு அவகாசம் கொடுங்கள் என்று அல்லாஹ்வும் சொல்கிறான் (2:280).

இன்றே செய்யக் கூடியவை

கடைப் பணத்தையும் வீட்டுச் செலவையும் தனித்தனியாக வையுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதுங்கள். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் பாவு போட முடியாது, மார்கழியில் கல்யாண வியாபாரம் இருக்காது. அந்த மாதங்களுக்கான கூலியை ஆவணி, புரட்டாசியிலேயே எடுத்து வையுங்கள். தொழிலை உத்யமில் பதிவு செய்யுங்கள். 2006ஆம் ஆண்டின் சட்டப்படி, குறு, சிறு தொழில் செய்பவரிடம் சரக்கு வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்கள். நீங்கள் கொடுக்க வேண்டியவராக இருந்தால், வசதி இருந்தும் இழுத்தடிப்பது அநியாயம் என்ற நபிமொழியை (புகாரீ) நினைவில் வையுங்கள்.

நெசவுத் தொழிலே இதை நமக்குச் சொல்லித் தருகிறது. இழைகளை எண்ணி, நீளம் அளந்து பாவு போடாமல் யாரும் நாடாவை எறிவதில்லை. ஒரு சேலைக்குக் கொடுக்கும் இந்தக் கவனத்தை, அந்தச் சேலையை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கும் கொடுப்போமாக!

யா அல்லாஹ்! எங்கள் தொழிலில் பரக்கத் செய்வாயாக! எங்களிடம் உழைப்பவர்களின் ஹக்கைக் காலத்தில் கொடுக்கும் வசதியையும் மனதையும் தருவாயாக! வட்டியை விட்டும் கடன் சுமையை விட்டும் எங்களைப் பாதுகாப்பாயாக! ஆமீன்.