போய் வந்தவர்களுக்கு ஊர் என்ன செய்கிறது?

ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்திலிருந்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சென்னைக்கு இரண்டு நாள் கூட்டிப் போவதென்றால், ஆசிரியருக்கு முதல் வேலை எலுமிச்சம்பழம் வாங்குவது. போளூருக்கு இறங்கும் மலைப்பாதை வளைவுகளில் நாலு பேராவது வாந்தி எடுப்பார்கள். அதைத் தாண்டிவிட்டால் வழிநெடுகப் பாட்டும் கும்மாளமும்தான். ஆற்காடு, காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று எந்தச் சாலையைப் பிடித்தாலும் ஓரிடத்தில் பாலாற்றைக் கடந்தாக வேண்டும். பெரும்பாலான மாதங்களில் அங்கே மணல்தான் கிடக்கும்.

ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினருக்கு அந்த ஆற்றோடு ஒரு பழைய கணக்கு உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளில் அந்தக் கதை இருக்கிறது. காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் கங்குந்தி வேடர்கள் பெண் கேட்டார்கள். மறுத்ததும் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீட்கக் கிளம்பிய ஏழு ஆண்கள், கூடவே ஏழு நாய்களையும் அழைத்துக்கொண்டார்கள். நாய்கள் தனியாகத் திரும்பினால் தங்களுக்குக் கருமாதி செய்துவிடும்படி மனைவிமாரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆட்கள் தட்டுத் தடுமாறிக் கரையேறினார்கள். நாய்கள் பாதி ஆற்றில் திரும்பிவிட்டன. வேடர்களைக் கொன்று ஊர் வந்து பார்த்தால், மனைவிமார் தாலியறுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். சடங்கெல்லாம் முடிந்துவிட்டது. உயிரோடு வந்து நின்றவர்களுக்கு ஊரில் இடமில்லை. அவர்கள் வேடர் பெண்களை மணந்து, ஜவ்வாது மலையேறிப் பயிர் செய்யத் தொடங்கினார்களாம்.

இதை வரலாறாக நம்ப வேண்டியதில்லை. அந்தக் காலத்து அதிகாரிகள் எழுதிவைத்த பூர்வீகக் கதைகளில் எழுதியவர்களின் சாதிக் கணக்கும் கலந்திருக்கும். ஆனாலும் கதைக்குள் ஒரு அறக்கேள்வி இருக்கிறது: போனவன் வருவதற்குள் அவன் கணக்கை முடித்துவிட ஊருக்கு என்ன உரிமை?

எல்லோருக்கும் தெரிந்த மாம்பழக் கதையிலும் இதே கேள்வி ஒளிந்திருக்கிறது. முருகன் மயிலேறி உலகைச் சுற்றினான். பிள்ளையார் அம்மையப்பனைச் சுற்றினார். பழம் பிள்ளையாருக்கு. பெற்றோரே உலகம் என்று பாடம் சொல்லி முடித்துவிடுகிறோம். உலகத்தையே பார்த்துவிட்டு வந்த பிள்ளையிடம், ‘என்னப்பா பார்த்தாய்?’ என்று கைலாயத்தில் ஒருவராவது கேட்டதாக நாம் கதை சொல்வதில்லை. பழம் கைமாறிய சேதிதான் அவனுக்காகக் காத்திருந்தது. அவனும் கோபித்துக்கொண்டு மலையேறினான், பழனிக்கு. பக்தர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், அது அவசரத் தீர்ப்பு.

கல்விச் சுற்றுலா என்றதும் நம்மிடையே இந்த இரண்டு கட்சியும் கிளம்பிவிடும். மலைப் பிள்ளைக்குப் பட்டணத்தில் என்ன கிடக்கிறது, சாமைக் காடும் பலா மரமும் போதாதா என்பது பிள்ளையார் கட்சி. மெட்ரோவையும் கடலையும் காட்டினால் கண் திறக்கும் என்பது முருகன் கட்சி. பிள்ளை என்ன சொல்கிறது என்று இரண்டுமே கேட்பதில்லை.

கோட்டூர்புரத்தில் 1988 முதல் இயங்கும் பிர்லா கோளரங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கை அணைத்துக் கூரையில் நட்சத்திரங்களைக் காட்டுவார்கள். சென்னைப் பிள்ளை வாய் பிளக்கும். மலைப் பிள்ளைக்கோ அது வீட்டு வாசலில் தினமும் தெரிகிற வானம். அந்த இருட்டுக்காகத்தான் வானியலாளர் வைணு பாப்பு 1960களில் வானாய்வகத்துக்கு ஜவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1986இல் திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. 1988இல் அங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயரை வைத்தார்கள். அரங்கில் ஒரு பொடியன், “எங்க ஊர்ல இதைவிட நிறைய தெரியும் சார்” என்று குரல் கொடுத்தால் அவனை உட்காரச் சொல்லாதீர்கள்.

மலையடிவாரத்துச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடும் சங்க நூலான மலைபடுகடாம் 583 அடி. பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவன், எதிரே வரும் கூத்தர்களுக்கு வழி சொல்வதாக அமைந்தது. பன்றிக்கு வைத்த பொறி, தினைப்புனத்திலிருந்து பறக்கும் கவண்கல், வழுக்கும் பாறை, எந்த ஊரில் என்ன சாப்பாடு என்று ஒன்று விடாமல் சொல்கிறான். போய் வந்தவனுக்குச் சொல்லும் கடமை இருக்கிறது என்றால், நின்று கேட்கும் கடமை மற்றவர்களுக்கும் இருக்கிறது.

மலையிலிருந்து ஆட்கள் இறங்குவது புதிதல்ல. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரப் போலீசார் சுட்டுக் கொன்ற 20 பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். இன்னொரு பயணமும் உண்டு. புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, பிரசவமான இரண்டாம் நாள் சென்னைக்குப் போய்த் தேர்வெழுதி, 2024இல் 23 வயதில் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானார். ஊர் மேளதாளத்தோடு வரவேற்றது. பத்து வயதில் தன் பள்ளியோடு பட்டணம் பார்த்த பிள்ளை, பின்னால் யாரோ தரகர் காட்டும் லாரியில் ஏறும் முன் கொஞ்சம் யோசிக்கும் என்று நம்ப இடமிருக்கிறது.

சுற்றுலா முடிந்த மறுநாள் வகுப்பில் ‘நான் கண்ட சென்னை’ என்று கட்டுரை எழுதச் சொல்வது கேட்பதாகாது; அது இன்னொரு தேர்வு. ஊர்ப் பொதுவிடத்தில் ஒரு மாலை பெரியவர்கள் உட்காரட்டும், பிள்ளைகள் பேசட்டும். சென்னை ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: காவலூர் வானாய்வகம் சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கிறது. உங்கள் பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். மலையைச் சுற்றிக்காட்ட அந்த ஐந்தாம் வகுப்பைக் கேளுங்கள்.