தலையில் எழுத்தில்லை, வழியுண்டு!

தலையெழுத்து! நாட்டில் இதைவிட மலிவான விடை வேறொன்றும் விற்பனைக்கு இல்லை. பிள்ளை தேர்வில் தவறினானா? தலையெழுத்து. பெண் கணவனை இழந்தாளா? தலையெழுத்து. பாலம் இடிந்தாலும், பயிர் கருகினாலும், வண்டி கவிழ்ந்தாலும் தலையெழுத்து! கேள்வி எதுவாயினும் விடை ஒன்றே. எல்லாக் கேள்விக்கும் ஒரே விடையை எழுதும் மாணவனுக்கு ஆசிரியர் மதிப்பெண் தருவதில்லை. சமுதாயத்துக்கு மட்டும் ஏன் தரவேண்டும்?

மதுரையில் மாட்டுத்தாவணி என்றோர் இடம் உண்டு. 1999ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பேருந்து நிலையம் இன்று அங்கே இருக்கிறது. பெயரோ பழைய மாட்டுச் சந்தையின் பெயர். சந்தையிலே மாடு பிடிப்போர் பல்லைப் பார்ப்பர், வயது தெரியும். குளம்பைப் பார்ப்பர், நடை தெரியும். இவை அறிவுள்ளோர் செயல். அத்தோடு நிற்பார்களா? நெற்றியிலே சுழி பார்ப்பர்! இன்ன சுழி குடும்பத்தைக் கெடுக்கும், இன்ன சுழி செல்வத்தைக் கொட்டும் என்பர். மாட்டின் மயிர் திரும்பிய திசையிலே மனிதனின் வாழ்வு சுருண்டு கிடக்கிறதாம்! மாட்டுக்கு நெற்றியிலே சுழி. மனிதனுக்கு மண்டையிலே எழுத்து. சந்தை போயிற்று, பேருந்து வந்தது. ஆனால் சுழி பார்க்கும் மனப்பான்மை மட்டும் பயணச்சீட்டு வாங்காமலே நம்மோடு வந்துகொண்டிருக்கிறது.

இந்த எழுத்துக்குக் கண்கண்ட சான்றும் காட்டுவார்கள். “மண்டையோட்டை எடுத்துப் பார், வளைந்து நெளிந்து ஓடும் கோடுகளைப் பார், அவையே பிரமன் எழுதிய எழுத்து” என்பார்கள். கோடுகள் மெய், எழுத்து என்பதுதான் பொய். மண்டையோடு ஒரே எலும்பன்று. மூளையைக் காக்கும் எலும்புகள் 8, முகத்து எலும்புகள் 14, ஆக 22. அவை ஒன்றோடொன்று பொருந்தும் இணைப்புகளே அந்தக் கோடுகள். பிறக்கும்போது அவை நெகிழ்ந்திருப்பதால்தான் தாயின் குறுகிய பிறப்பு வழியிலே குழந்தையின் தலை சற்றே அமுங்கி வெளிவர முடிகிறது. வளரும் மூளைக்கு இடம் கொடுத்து அவையே விரிகின்றன. பச்சிளங் குழந்தையின் உச்சிக்குழி இரண்டு வயதுக்குள் மூடிக்கொள்கிறது. மாட்டின் மண்டையிலும் இணைப்புக் கோடுகள் உண்டு. ஆட்டின் மண்டையிலும் உண்டு. கசாப்புக் கடைக்குப் போகும் ஆட்டுக்கும் பிரமன் உட்கார்ந்து எழுதினானோ?

எழுத்துத்தான் இல்லையே, மண்டையோடு வேறு எதையும் சொல்லாதா? சொல்லும். மதுரைக்குத் தென்கிழக்கே கீழடி. அதற்கு ஒரு கல் தொலைவிற்குள் கொந்தகை. கீழடி மக்கள் தம் இறந்தோரைத் தாழியிலிட்டுப் புதைத்த இடம் அது என ஆய்வாளர் கருதுகின்றனர். தமிழ்நாடு தொல்லியல் துறை 2020 முதல் அங்கே அகழ்ந்தது. கிடைத்த மண்டையோடுகளில் இரண்டைக் கொண்டு, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் இந்த மண்ணில் நடமாடிய இரு ஆடவரின் முகங்களைக் கணினியிலே உருவாக்கினர்; 2025இல் உலகம் அம்முகங்களைக் கண்டது. கண்குழி கண்ணின் இடத்தைச் சொல்லிற்று. மூக்கின் வாய்க்கால் மூக்கின் அமைப்பைச் சொல்லிற்று. ஆனால் அவன் பெயர் என்ன? எத்தனை முறை சிரித்தான், எதற்கு அழுதான்? எந்தக் குலம்? அந்த எலும்பில் ஒரு சொல்லும் இல்லை! எழுதியிருந்தால் 2,500 ஆண்டு மண்ணுக்கடியில் கிடந்தும் அழியாத அந்த ஏட்டில், அந்த ஒரு வரி மட்டும் எங்கே போயிற்று?

எழுத்தைத் தேடி ஏமாந்தவர்கள் மண்டையோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கட்டும். அடிப்புறம் முழுவதும் துளைகள்! பெரிதும் சிறிதுமாய், வட்டமும் பிளவுமாய். ஒவ்வொன்றும் ஒரு வழி. ஒவ்வொரு வழியிலும் ஒரு பயணம். கண்ணுக்குப் பின்னுள்ள வழியில் பார்வை நரம்பு செல்கிறது. ஏறத்தாழ பத்து இலட்சம் இழைகள் அதற்குள். மூக்கின் கூரையிலே சல்லடை போன்ற எலும்பு. மல்லிகையின் மணமும் சாக்கடையின் நாற்றமும் நுழைவது அந்தச் சல்லடை வழியே. காதுக்கு உட்புறத்தே ஒரு வழி. அதில் ஒலியை ஏந்தும் நரம்பும் முகத்தை அசைக்கும் நரம்பும் இணைந்து செல்கின்றன. நாவை அசைக்கும் நரம்புக்குத் தனி வாயில் உண்டு. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் குடலுக்கும் செய்தி கொண்டுபோகும் நரம்பு, கழுத்துச் சிரையோடு ஒரே வாயிலில் இறங்குகிறது. குருதி ஏறிவர வேறு வழிகள். உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, உடல் செலவிடும் உயிர்வளியில் ஐந்தில் ஒரு பங்கைக் கேட்கிறது. அந்தக் குருதி சில நொடிகள் நின்றால் நினைவு போகும். சில நிமிடங்கள் நின்றால் மூளையே கெடும்.

இவ்வளவுக்கும் நடுவே, அடிப்பாகத்தில் பெருந்துளை. நீளம் சுமார் 35 மில்லிமீட்டர், அகலம் சுமார் 30 மில்லிமீட்டர். முகுளம் தண்டுவடமாகி இறங்கும் தலைவாசல் அதுதான். மாட்டின் மண்டையில் இந்தத் துளை பின்புறத்தில் இருக்கிறது. அதன் தலை முதுகெலும்புக்கு முன்னே தொங்குகிறது. மனிதனுக்கோ நேர் கீழே. அவன் தலை முதுகெலும்பின்மேல் நிமிர்ந்து அமர்ந்திருக்கிறது. 1924இல் தென்னாப்பிரிக்காவின் தாவுங் என்ற இடத்தில் கிடைத்த பழங்காலக் குழந்தை மண்டையோட்டை ஆராய்ந்த ரேமண்ட் டார்ட், இந்தத் துளையின் இடத்தைக் கண்டே அவ்வினம் இரு காலில் நிமிர்ந்து நடந்தது என்று மறு ஆண்டு அறிவித்தார். நம்மை நிமிர்ந்து நிற்கச் செய்த அமைப்பு இதுவாக இருக்க, எழுதாத எழுத்தின் முன்னே நாம் குனிந்து நிற்பது எவ்வளவு பெரிய வேடிக்கை!

மண்டையைப் படித்துத் தலைவிதி சொல்லும் மடமை நம் நாட்டுப் பாமரனுக்கு மட்டுமே உரியதன்று. வியன்னாவில் வாழ்ந்த கால் என்ற மருத்துவர் மண்டையின் மேடு பள்ளங்களைத் தடவிக் குணத்தைக் கூறிவிடலாம் என்றார். ஐரோப்பாவும் அமெரிக்காவும் நெடுங்காலம் நம்பின. நம் நாட்டிலே ஆங்கில அதிகாரி ரிஸ்லி அளவுகோலுடன் வந்து மூக்கின் அகலத்தை அளந்தார். மூக்கு அகல அகலச் சமுதாயத்தில் தகுதி தாழும் என்று எழுதினார். 1901ஆம் ஆண்டுக் குடிமதிப்புக்குத் தலைமை ஏற்றவர் அவர். மூக்கு காற்று நுழையும் வாயில். உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்கித் தருவது அதன் வேலை. அதன் அகலத்துக்கும் முன்னோர் வாழ்ந்த தட்பவெப்பத்துக்கும் தொடர்புண்டு என்று இன்றைய ஆய்வு காட்டுகிறது. வாசலின் அகலத்தை அளந்தார்களே, வாசல் வழியே என்ன வருகிறது என்று கேட்டார்களா? பிரமன் எழுதினான் என்பதும், மூக்கு சொல்கிறது என்பதும் ஒன்றுதான். முன்னது பூணூல் போட்ட மூடநம்பிக்கை. பின்னது கோட்டு மாட்டிய மூடநம்பிக்கை.

இது வெறும் ஏட்டுச் சண்டையன்று. பள்ளிக்கூடத்துக்குள் வந்து பாருங்கள். “இவன் மண்டையிலே ஒன்றும் ஏறாது” என்ற தீர்ப்பு எத்தனை பிள்ளைகளின்மேல் நாள்தோறும் விழுகிறது! ஏறாது என்கிறீர்களே, ஏறும் வழி அடைபட்டிருக்கிறதா என்று பார்த்தீர்களா? காதிலே சீழ் பிடித்து ஓசை மங்கிய பிள்ளைக்கு ஆசிரியர் சொல்வது பாதிதான் எட்டும். கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்குக் கரும்பலகை வெறும் கருமைதான். அவனைப் பின்வரிசைக்கு அனுப்பிவிட்டு, “அப்பன் எப்படியோ பிள்ளையும் அப்படி” என்று குலத்தைச் சேர்த்துப் பேசுவது கொடுமையல்லவா? பிறவியிலேயே கண்புரையோடு பிறந்த குழந்தைக்கு உரிய காலத்தில் அறுவை செய்யாவிட்டால், பின்னாளில் கண்ணைத் தெளிவாக்கினாலும் மூளை நன்கு பார்க்கக் கற்பதில்லை. வழி மட்டும் இருந்தால் போதாது. வழியில் ஒளி வரவேண்டும், வரவேண்டிய காலத்தில் வரவேண்டும். கல்விக்கும் இதுவே கதி.

மாட்டுத்தாவணிக்கு அதிகத் தொலைவில்லாத அரவிந்த் கண் மருத்துவமனையை எண்ணுங்கள். பணி ஓய்வு பெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் வெறும் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். கண்புரையால் பார்வை இழந்த ஏழைகள் இலட்சக்கணக்கில் அங்கே ஒளி பெற்றனர். அவர்களில் எத்தனை பேர், “குருடாவது என் தலையெழுத்து” என்று திண்ணையில் முடங்கியிருந்தவர்கள்! சில நிமிட அறுவையில் அழிந்துபோகும் எழுத்து, எழுத்தா?

சாலைக்கு வாருங்கள். காதுக்கு மேலே, பொட்டுப் பகுதியிலே எலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஓடும் தமனி ஒன்று, மண்டையின் அடியிலுள்ள ஊசித் துளை போன்ற சிறு வழியாக மேலே வருகிறது. இருசக்கர வண்டியிலிருந்து விழுந்தவனுக்கு அந்த எலும்பு விரிசல் கண்டால் தமனி கிழியும். அவன் எழுந்து அமர்வான், பேசுவான், “ஒன்றுமில்லை” என்று வீட்டுக்கும் போவான். உள்ளே குருதி சேர்ந்துகொண்டே இருக்கும். மண்டையோடு விரிந்து கொடுக்காத பெட்டி. அழுத்தம் மிகுந்தால் மூளை எங்கே போகும்? கீழே, பெருந்துளையை நோக்கி நெருக்கப்படும். மூச்சை நடத்தும் முகுளம் அங்கே நசுங்கும். சில மணி நேரங்களில் முடிந்துவிடும். ஊர் கூடிச் சொல்லும்: “நன்றாகத்தானே பேசினான்; தலையெழுத்து!” அன்று, தோழர்களே, அன்று! அந்தச் சில மணி நேரத்துக்குள் மருத்துவமனை சேர்ந்து குருதிக் கட்டியை அகற்றியிருந்தால் அவன் பிழைத்திருக்கக் கூடும். தலைக்கவசம் அணிவது தலைக்காயத்தை 69 விழுக்காடும் இறப்பை 42 விழுக்காடும் குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தோர் 2008இல் கணக்கிட்டனர். கடையில் வாங்கும் கவசத்தால் மாறிப்போகும் எழுத்தை எழுதியவன் எப்படிப்பட்ட எழுத்தன்! விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021இல் தொடங்கியது. விதியை நம்பும் அரசு மணி நேரத்தை எண்ணாது.

“எல்லாம் நம் கையிலா இருக்கிறது? வள்ளுவரே ஊழ் என்று ஓர் அதிகாரம் பாடவில்லையா?” என்று கேட்பார்கள். பாடினார், ஆள்வினையுடைமை என்றும் ஓர் அதிகாரம் பாடினார். எல்லாம் நம் கையில் இல்லை என்பதை நாமும் ஒப்புகிறோம். குறையோடு பிறக்கும் குழந்தை உண்டு; எவர் தவறும் இன்றி நேரும் சாவும் உண்டு. ஆனால் அவை காரணத்தால் நேர்பவை, கட்டளையால் நேர்பவையல்ல. காரணத்தைத் தேடலாம், திருத்தலாம், அடுத்தவனைக் காக்கலாம். கட்டளைக்கு முன்னே கைகட்டித்தான் நிற்கலாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மகனைப் பறிகொடுத்த தாய் மார்பில் அறைந்துகொண்டு, “என் தலையெழுத்தே!” என்று கதறுகிறாள். அவளிடம் போய் எலும்புப் பாடம் நடத்துகிறவன் பகுத்தறிவாளன் அல்லன், இரக்கமற்றவன். அவள் வாயில் அச்சொல் துயரம். சாலைப் பள்ளத்தை மூடாத ஒப்பந்தக்காரர் வாயில் அதே சொல் தப்பிக்கும் வழி. பிள்ளைக்குக் கற்பிக்காத ஆசிரியர் வாயில் சோம்பல். ஒடுக்கியவன் வாயில் அது சூழ்ச்சி. அழுகிறவளின் கண்ணீரைத் துடைப்போம். பதில் சொல்லவேண்டியவரைப் பிடித்துக் கேள்வி கேட்போம். சொல் ஒன்றே ஆயினும், சொல்பவர் யார் என்று பார்ப்பதே அறம்.

முடிவாக, சாவையும் பார்ப்போம். யோகியின் உயிர் உச்சந்தலையிலுள்ள பிரமரந்திரம் வழியே பிரிந்து மேலே போகும் என்பது பழைய நம்பிக்கை. வளர்ந்தவன் உச்சியில் அப்படியொரு வாசல் திறந்திருப்பதில்லை. 1994ஆம் ஆண்டுச் சட்டம், மூளைத்தண்டின் செயல் மீளாது நின்றதை மருத்துவர் குழு உறுதி செய்தால் அதனைச் சாவு என ஏற்றது. உச்சியிலன்று, பெருந்துளையின் விளிம்பிலே கிடக்கிறது வாழ்வுக்கும் சாவுக்கும் இடையிலான எல்லை! அந்த எல்லையிலும் கொடுக்க முடியும். 2008 செப்டம்பரில் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவன் பெற்றோர் பிறர் வாழ ஈந்தனர். அதன்பின் தமிழ்நாட்டில் உறுப்புக்கொடை ஓர் இயக்கமாய் வளர்ந்தது. கொடையாளரின் உடலுக்கு அரசு மரியாதை என்று 2023இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. “மகன் செத்தது தலையெழுத்து” என்று மட்டும் சொல்லி அந்தப் பெற்றோர் அமர்ந்திருந்தால், அத்தனை பேர் வாழ்ந்திருப்பார்களா?

இளைஞனே, உன் மண்டையிலே எவனும் எழுதவில்லை. ஒளி வர, ஒலி வர, குருதி வர, சொல் போக, செயல் போக வழிகள் இருக்கின்றன. வழி என்றால் வருவதும் போவதும் உண்டு. வாங்குவதும் கொடுப்பதும் உண்டு. மூடிய ஏடல்ல மனிதன், திறந்த வீடு. பக்கத்து வகுப்பில் கரும்பலகை தெரியாமல் கண்ணைச் சுருக்கும் பிள்ளை இருக்கிறான்; அவனுக்கு ஒரு கண்ணாடி கிடைக்கச் செய். சாலையில் விழுந்து “ஒன்றுமில்லை” என்பவனை வீட்டுக்கு அனுப்பாதே; மருத்துவமனைக்கு அழைத்துச் செல். வண்டி எடுக்கும் தம்பியின் கையில் தலைக்கவசத்தைக் கொடு. எழுத்தை அழிக்கும் வேலை உனக்கு இல்லை. அது எழுதப்படவே இல்லை. வழியை அடைக்காமல் காக்கும் வேலைதான் உனக்கு இருக்கிறது!