மது மயக்கமும் உயிரின் அறிவும்

மதுவுண்டான் தள்ளாடுதலைக் காட்டி, “உயிர் அறிவுடைப் பொருளாயின் ஒரு குவளை மது அதனை எங்ஙனம் மயக்கும்? அறிவது உடம்பே” என்று வினவுவார் இன்றும் உளர். வினா புதியதன்று. தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் கூடியவிடத்துக் களிப்புப் பிறத்தல்போலப் பூதங்கள் கூடியவிடத்து உணர்வு பிறக்கும் என மணிமேகலையிற் பூதவாதி கூறுதல் கற்றார் அறிந்தது.

தள்ளாட்டத்தின் காரணத்தை உடல்நூலார் விளங்கக் கூறுகின்றனர். உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள. தலை திரும்புங்கால் அவற்றின் நீர் பின்தங்கி, ஆங்குள்ள கூழ்போன்ற தடுக்கினை வளைக்கும். அவ்வளைவே மூளைக்குச் செய்தியாம். இயல்பில் நீரும் தடுக்கும் ஒத்த அடர்த்தியின. மதுவின் சாரமோ நீரினும் இலேசானது. குருதிவழி வந்து தடுக்கினை முந்திப் பற்றுதலின், அது மிதக்கத் தலைப்படும். படுத்தான் தலை அசையாதிருப்பவும், ‘சுழல்கின்றாய்’ என்று பொய்ச்சான்று கூறும். நடையைச் செப்பஞ்செய்யும் சிறுமூளையும் உடன் மந்தமாகும். சில மணிநேரங் கழிந்தபின், மது தடுக்கினின்று முன்னும் நீரினின்று பின்னும் நீங்குதலாற் சுழற்சி எதிர்த்திசையில் மீளும். விடியலில் மீண்டும் ஒரு மிடறு பருகுவார்க்கு அது சற்றே தணிதல் இதனாலேயாம்.

இவையெல்லாம் கருவியின் கேடு. சான்று பொய்த்தமையாற் கேட்போன் இலன் எனலாமோ? ‘சுவர் சுழலவில்லை, எனக்கே தலை சுழல்கின்றது’ என்று அம்மயக்கிடையும் பகுத்துணர்வான் ஒருவன் உளனன்றே! ஆயினும், உயிர் சிறிதும் தாக்குறாது தனித்து நின்றதென யாம் கூறோம். அது பிறர் கொள்கை. சார்ந்ததன் தன்மையாய் நிற்றல் உயிர்க்கு இயல்பாகலின், அது மெய்யாகவே மயங்கிற்று.

அங்ஙனமாயின் மயங்கினான் செய்த வினை யாருடையது? கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவெல்லாம் உலையருகு நின்ற தொழிலாளி ஒருவன், அயர்வு தீரக் குடித்து, வழியில் வந்தானை அடித்தான் என்று கொள்வோம். முதற் குவளையை எடுத்தபோது கருவிகள் தெளிந்திருந்தன, அச்சார்பைத் தெரிந்துகொண்டவன் அவனே, வினையும் அவனதே. விடியற் குவளையோ அத்துணை எளிதன்று. துன்பத்தை ஆக்கியதனையே அதற்கு மருந்தாகக் கொள்வானது விருப்பம் எத்துணை அவனுடையது? பொறுப்பு குறையும், ஒழியாது என்பதே எம் கருத்து. கண்டித்துரைத்தல் மட்டும் ஈண்டுப் போதாது. மறுவிடியலில் மருத்துவரிடம் அவனை அழைத்துச் செல்ல அருகே ஒருவர் வேண்டும். அம்மாவட்டத்துத் திருவாலங்காடு முதலிய தலங்களிற் கூடும் அடியாருள் அதற்கு ஆள் கிடையாமற் போகார்.